பட்டமில்லாத ஒரு தகப்பனின் பெயர்

"ராசாவாக இல்லாத தகப்பன்ர பேரை ஒரு ராசா கல்லிலை வெட்டுவிப்பானோ, வாத்தியார்?"

ஜொகூர் லாபிஸ் ரயில் நிலையத்தில், பிற்பகல் வண்டி போய்ப் புகை அடங்கிய நேரத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை தபால்காரர் ஒரு பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பிரிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி எனக்குக் கேட்டுவிட்டது. காரணம் வாசனைதான். பழுப்புத் தாளுக்குள்ளிருந்து யாழ்ப்பாணத்துச் சுருட்டின் வாசனை வந்தது. இந்த ஊரில் அப்படி மணக்கிற புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அது நம்முடையது.

பத்து பாகாட்டிலிருந்து உங்கள் மகள் பூரணம் அனுப்பியிருக்கிறாள். நீங்கள் காலமான பிறகு உங்கள் பெட்டியை ஒதுக்கியபோது கிடைத்ததாம். "அப்பா உங்களைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னதே இல்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள் எழுதித் தந்தால் வாசித்துக் காட்டுவேன்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்தேன். கை உங்களுக்குத்தான் எழுதுகிறது. ஆகையால், உங்களுக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், பழக்கம் ஓய்வு பெறவில்லை.

நீங்கள் இந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், இங்கிலீஷ் படித்தவர், வெள்ளைக் கோட்டுக்காரர். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியன். என் தகப்பனார் பால் வெட்டியவர். கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பது ஊருக்கே தெரியும், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒரே கோயிலில் கும்பிட்டாலும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். பள்ளிக்கு வந்த சிலேட்டுப் பெட்டியை எடுக்க நான் ஸ்டேஷனுக்கு வந்த அன்று, உங்கள் மேசையில் இந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கம் முழுதும் ஈர மண்ணில் காகம் நடந்தது போன்ற குறிகள். நான் பெட்டியை மறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கையெழுத்துக்காகத் தாளை நீட்டியபடி நின்றீர்கள்.

"உதென்னெண்டு தெரியுதோ?" என்றீர்கள்.

"எழுத்துங்க" என்றேன். "அடுக்கி வச்சிருக்காங்களே. கோலம்னா திரும்பி வந்து சேரும், இது சேரல."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். தோட்டத்து ஆள் ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். வெளியே நின்ற மலாய்க்காரப் போர்ட்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரச் சின்னத் துரை இருந்தார். பெரிய யுத்தத்தில் மெசபடோமியா, பாரசீகம் என்று சுற்றிவிட்டு ரப்பருக்கு வந்தவர். மலேரியா விடவில்லை, சீமைக்கே திரும்பிவிட்டார். போகிற அன்று பெட்டிகளின் எடை கூடிவிட்டதால் புத்தகத்தை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பாதியில் பாரசீக மலைகளிலும் இடிந்த அரண்மனைகளிலும் வெட்டியிருந்த எழுத்துகளின் படங்கள். பின்பாதியில் அவற்றின் பொருள். அந்தப் பின்பாதியைத்தான் நீங்கள் ரயில்வேத் தாள்களைக் கட்டும் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தீர்கள்.

"விடையைப் பாத்துப் போடுறது கணக்கோ?" என்று கேட்டீர்கள்.

முகவுரையை மட்டும் எனக்குச் சொன்னீர்கள். அந்த ஆப்பு வடிவ எழுத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. அரசர்கள் தங்கள் பெயரையும் பட்டங்களையும் வெட்டியிருப்பார்கள் என்று ஊகித்தே அதை முதலில் திறந்தவர் ஐரோப்பாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் குறும்பு வந்தது. "உங்கட ஆள்தான், வாத்தியார். விடக்கூடாது" என்றீர்கள்.

இப்படித் தொடங்கியது. பள்ளி விட்ட பிறகு, பிற்பகல் வண்டி போனதும் அடுத்த சரக்கு வண்டி வரும் வரைக்கும் நமக்கு நேரம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன வாத்தியாரே, ஆணி எழுத்துப் படிச்சிட்டுப் பாரசீக ராஜாகிட்ட வேலைக்குப் போகப்போறீங்களா? சம்பளம் இங்கத்த விடக் கூடவா?" என்பார். இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் மேசை மேலிருந்த தந்திக் கருவியைக் காட்டினீர்கள். "நாள் முழுக்க இதிலை ரெண்டே ரெண்டு சத்தம்தான் கேக்கிறன். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம். அதுக்குள்ளை சாவும் வருது, கலியாணமும் வருது. ஆப்பு மட்டும் என்ன குறைஞ்சது?"

பிள்ளைகளே, தெரியாத எழுத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். சிகாமட் கடைத்தெருவில் சீனர் கடைப் பலகைகளைப் பாருங்கள். ஓர் எழுத்தும் தெரிய வேண்டாம். கடைக்குக் கடை வேறு குறிகள் இருக்கும். ஒரு குறி மட்டும் பலகை தவறாமல் ஒரே ஓரத்தில் நிற்கும். அது கடை என்றோ கம்பெனி என்றோதான் சொல்ல வேண்டும். மாறுவது ஆளின் பெயர். படிக்கத் தெரியாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் வந்தோம். சாய்ந்த ஒற்றை ஆப்பு அடிக்கடி தனியாக நின்றது. அது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் போட்ட வேலி. வேலிகளுக்கு இடையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது 'அரசன்'.

ஆனால், அதற்கு மேல் ஒரு மழைக்காலம் முழுவதும் ஓர் அடி நகரவில்லை. பாரசீகம் என்றதும் வலமிருந்து இடம் என்று நம் இருவருக்கும் முடிவு. இங்கே நோட்டீசுப் பலகையில், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி அப்படித்தானே ஓடுகிறது. அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். சொற்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மல்லாடினோம். ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்தபோது அந்த நோட்டீசையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரி பாதியில் முடிந்து, இடப் பக்கம் வெறுமையாக இருந்தது. நேராக உள்ளே வந்து நம் கல்லின் கடைசி வரியைப் பார்த்தேன். வெறுமை வலப் பக்கத்தில் இருந்தது. நம் தமிழைப் போலவே இடமிருந்து வலமாக ஓடுகிற எழுத்து அது. நீங்கள் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஒரு மழைக்காலம் போச்சே, வாத்தியார்" என்றீர்கள். பிறகு இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. இரண்டு கல்வெட்டுகளை அடுத்தடுத்து வைத்தோம். ஒன்றில் ஒரு பெயர், பிறகு 'பேரரசன், அரசருக்கு அரசன்'. மற்றதில் வேறு பெயர், அதே பட்டங்கள், சற்றுத் தள்ளி முதல் கல்லின் பெயர், அதனுடன் 'அரசன்'. அதாவது இரண்டாமவன் முதலாமவனின் மகன். இதை நாம் கண்டுபிடித்ததற்குக் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. நம் கல்யாணப் பத்திரிகை இந்த அச்சில்தான் வருகிறது. இன்னார், இன்ன உத்தியோகம், இன்ன பட்டமுடைய இன்னாரின் குமாரர்.

முட்டி நின்ற இடமும் அதுதான். முதல் கல்லில் முதல் அரசனின் தகப்பன் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'அரசன்' என்ற சொல் இல்லை. வேறொரு நீண்ட சொல்தான் நின்றது. அந்தச் சொல்லை நாம் என்ன பாடுபடுத்தினோம்! அரசன் என்பதன் வேறு வடிவம் என்றீர்கள் நீங்கள். இல்லை, சிற்றரசன் என்றேன் நான். உங்கள் ஊரில் துரைத்தனம் கொடுக்கும் முதலியார் மாதிரி ஒரு பட்டம் என்றீர்கள். பெரிய கங்காணியாகவும் இருக்கலாம் என்றேன். அரசனைப் பெற்றவனுக்குப் பட்டம் இல்லாமல் இருக்கும் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. ஜொகூரில் இருந்த தமிழர் யாருக்கும் தோன்றியிருக்காது. பட்டமில்லாத தகப்பனை யாராவது அச்சில் ஏற்றுவார்களா?

இதற்குள் பூரணத்துக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பத்து பாகாட்டில் அரசாங்க உத்தியோகம், நல்ல பிள்ளை. பேச்சுவார்த்தை முழுதும் அவருடைய பெரியப்பாவிடம். அவர் குளுவாங்கில் ஓர் அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்கு. குடும்பத்தைத் துருவிப் பார்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு ஒரு செய்தி தெரிந்திருந்தது. அது இந்த ஜில்லாவில் யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உங்கள் காலஞ்சென்ற தகப்பனார் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் என்பதே அது. பத்திரிகையில் அது முதல் வரியில் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

சிங்கப்பூர் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய வாசகத்தில் எழுத்துப் பிழை பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் வந்தபோது தாளில் மற்றதெல்லாம் எழுதியிருந்தது. உங்கள் தகப்பனார் பெயருக்கு முன்னால் ஓர் இடம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தீர்கள். மசி கொட்டி விடுமோ என்பது போலப் பேனாவைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பேச்சை மாற்ற நினைத்துப் புத்தகத்தை இழுத்தேன். முந்தின இரவெல்லாம் மனதில் ஓடியதைச் சொன்னேன்.

"ஐயா, ராஜாங்கிற வார்த்தை அங்க இல்லீங்க. இல்லாத ஒன்னைத்தான் நாம இவ்வளவு நாளாத் தேடிக்கிட்டிருக்கோம். அவனோட அப்பா ராஜா இல்ல. அவ்வளவுதான்."

அப்போதுதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். ராசாவாக இல்லாத தகப்பன்ர பேரை ஒரு ராசா கல்லிலை வெட்டுவிப்பானோ?

"வெட்டியிருக்கானே" என்றேன்.

நீங்கள் எழுந்து ஜன்னலோரம் போய்த் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் பேசினீர்கள். மிஷன் பள்ளி வேதபாடத்தில் தரியு என்றொரு பாரசீக அரசனைப் படித்திருப்பதாகவும், அவன் முன் அரசனின் மகன் அல்ல, வேறு கிளையிலிருந்து வந்து அரசேறியவன் என்று சரித்திர வாத்தியார் சொன்னதாகவும் சொன்னீர்கள். நான் உடனே அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கல்லில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். த, ஆ, ர, ய... அது உட்கார்ந்தது. நிமிர்ந்து உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை.

"என்ர அப்பர் தலைமையாசிரியர் இல்லை, வாத்தியார்" என்றீர்கள். "மிஷன் வங்களாவிலை கோக்கி. துரைமாருக்குச் சமைச்சவர். அதாலைதான் எனக்குப் படிக்கக் கிடைச்சது. இங்கை வந்த புதுசிலை ஆரோ கேட்டினம், மிஷனிலை இருந்தவர் எண்டு சொன்னன். பொய்யில்லை. அவையளே வாத்தியாராக்கிச்சினம், பிறகு தலைமையும் குடுத்திச்சினம். நான் பாத்துக்கொண்டிருந்தன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் நீங்களே செய்து கொடுக்கும் புடிங் எனக்கு ஞாபகம் வந்தது. சீனி கருகி, மேலே தேன்போல வழியும். எங்கே படித்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பியிருக்கிறீர்கள்.

வெறுமையாக விட்ட இடத்தைத் தாண்டிப் பேனா போனது. 'சின்னத்தம்பி அவர்களின் பேத்தி' என்று எழுதினீர்கள். முன்னால் ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை.

அச்சு மாதிரி வந்த வாரம் பெரியப்பா குளுவாங்கிலிருந்து வண்டியேறி வந்தார். மாதிரியில் மெய்ப்புப் பார்க்கத் தமிழ் வாத்தியார் வேண்டும் என்று சொல்லி என்னையும் உட்கார வைத்தீர்கள். எனக்கு உள்ளூரப் பயம். முதலில் புடிங் வந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார்.

"மாஸ்டர், இதிலை ஒண்டு விட்டுப்போச்சு. உங்கட அப்பரின்ர உத்தியோகம்."

"விட்டுப்போகேல்லை" என்றீர்கள்.

"தலைமையாசிரியர் எண்டெல்லோ கேள்விப்பட்டம்."

"கேள்விப்பட்டது பிழை. நான் திருத்தாமல் இருந்ததும் பிழை. அவர் கோக்கி. நீங்கள் சாப்பிடுற புடிங் அவற்ற கைப்பக்குவம்."

அவர் கரண்டியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் உங்கள் மனைவியின் வளையல் சத்தம் நின்றுபோனது. நான் சுவரில் தொங்கிய கால அட்டவணையை வாசிக்கிற மாதிரி இருந்தேன். அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை மெதுவாக, ஒரு துளி விடாமல் சாப்பிட்டு முடித்தார். வாயைத் துடைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். திரும்பும் வண்டிக்கு நீங்களே கொடி காட்டினீர்கள். அவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டவில்லை.

"வண்டி கொஞ்சம் பிந்தியிருந்தா இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பார்" என்று பூரணம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்களை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உங்கள் மனைவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். ஒருநாள் மட்டும், நான் வாசலில் நிற்பதைத் தெரிந்துகொண்டே சொன்னார்: "கல்லு கல்லெண்டு இருந்து கடைசியிலை பிள்ளையின்ர தலையிலை கல்லைப் போட்டிட்டியள்." அவர் சொன்னதில் என்ன தப்பு? அந்தக் காலத்தில் முறிந்த ஒரு சம்பந்தம் பெண்ணைத் தொடர்ந்து வரும். நாமிருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அரசனின் பெயரைப் படித்துவிட்டோம் என்பதைக்கூட மறந்திருந்தோம்.

சனிக்கிழமை நண்பகல். நீங்கள் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரில் சும்மா இருந்தேன். தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. எழுதிய வரி வளைந்து வளைந்து போனது மட்டும் தெரிந்தது. முடிந்ததும் பெற்றுக்கொண்டதற்கான பதிலைத் தட்டினீர்கள். தாளை மடித்து உறைக்குள் வைத்து ஒட்டினீர்கள். மேலே விலாசம் எழுதினீர்கள்.

"என்னங்க அது?" என்றேன்.

"ஆரோ ஒராளுக்கு வந்த தந்தி. உறை ஒட்டி ஆளிட்டைக் குடுக்கிறதுக்கு முன்னம் வெளியிலை சொல்லப்பிடாது, வாத்தியார். அது சட்டம்."

எட்டிப் பார்த்தேன். உறையின் மேல் உங்கள் பெயர் இருந்தது.

தொப்பியைப் போட்டுக்கொண்டு, நடைமேடையைக் கடந்து, உங்கள் குவார்ட்டர்ஸ் கதவை நீங்களே தட்டினீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். உங்கள் மனைவி கதவைத் திறந்ததும் உறையைக் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொல்லிப் பென்சிலையும் நீட்டினீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூரணம் வந்து வாங்கிப் பிரித்து இங்கிலீஷில் வாசித்தாள்: 'பத்திரிகையில் மாற்றம் வேண்டாம். எங்கள் பக்கமும் பெயர்கள் மட்டும் போதும்.'

அவள் அதை இன்னொரு தடவை, தமிழில், அம்மாவுக்காக மெதுவாகச் சொன்னாள். நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

பெரியப்பா ஏன் அப்படி அனுப்பினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கல்யாணத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் புடிங் சாப்பிட்டதோடு சரி. நான் ஊகிக்கப் பார்த்தேன். நீங்கள் தடுத்துவிட்டீர்கள். "அவையின்ர பக்கத்திலையும் ஒரு கோக்கி இருந்திருப்பார். விடுங்கோ, அது அவையின்ர கல்லு. அவையே வாசிக்கட்டும்."

கல்யாணம் முடிந்த வாரம் சிவப்பு நாடாவை அவிழ்த்தோம். எழுத்துகளில் பாதியைத் தப்பாகத்தான் பிடித்திருந்தோம். முதலியாரா பெரிய கங்காணியா என்று சண்டை போட்ட அந்த நீண்ட சொல் வெறும் வம்சப் பெயர். ஆனால், தரியு சரி. யார் தகப்பன், யார் மகன் என்று பிரித்ததும் சரி. அந்த ஐரோப்பிய ஆசிரியரும் முதலில் நுழைந்தது அதே வாசல் வழியாகத்தான் என்று அங்கே எழுதியிருந்தது. எல்லாப் பெயர்களுக்கும் பட்டம் இருந்திருந்தால் யார் யாரென்று பிரித்தே இருக்க முடியாது. பட்டமில்லாத அந்த ஒரு தகப்பன்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். நீங்கள் அந்த வரியை விரலால் தடவிவிட்டு, புதுச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தீர்கள். அந்தச் சாம்பல் கறை இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன்.

உங்களுக்கு மாற்றல் வரும்வரை இன்னும் சில ஆண்டுகள் படித்தோம். மலைப்பாறையில் வெட்டிய நீண்ட கல்வெட்டை வரிவரியாகத் தாண்டினோம். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிச் சனம் ஊர் திரும்பக் கப்பலேறியது. என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாயின. உங்களுக்கு வேறு ஊர், பிறகு ஓய்வு, பிறகு பத்து பாகாட்டில் மகள் வீடு. வந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொண்டேன். செய்தி வந்த அன்று புறப்பட்டும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை.

என்னிடம் என்ன மிச்சம் என்று கேட்டால், ஒரு பழக்கம் மிச்சம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, பள்ளியில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாள் எழுந்து நிற்கச் சொல்வேன். "நான் மாரியம்மா. முனியாண்டி மகள்." "நான் வீராசாமி. காத்தாயி மகன்." அவ்வளவுதான். என்ன வேலை, எந்த லயம், யாருடைய ஆள் என்று சொல்லக்கூடாது. கல்லில் வெட்டுகிற மாதிரி நிறுத்திச் சொல்ல வேண்டும். முதலில் வெட்கப்பட்டு முணுமுணுப்பார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன். இரண்டாவது தடவை தலை நிமிரும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி இது என்ன பாடம் என்று கேட்டார். பாரசீகச் சரித்திரம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

புத்தகத்தின் அட்டைக்குள் அந்தப் பத்திரிகையை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். மஞ்சள் தடவிய மூலை பழுப்பேறிவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் பெயர்கள். அந்த நாளில் ஊரே இதைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சகத்தான் பாதியை விட்டுவிட்டான் என்று பேசியது. எனக்கு அதில் ஒரு சொல் குறைவதாகத் தெரியவில்லை.

பூரணத்தின் பிள்ளைகளே, உங்கள் தாத்தா இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். பட்டங்களையும் உத்தியோகங்களையும் விரலால் மறைத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற பெயர்களை மட்டும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.